மூடிய ஆன்லைன் கேம் திரும்ப வேண்டுமா? எந்த வழியில் போகலாம் என்று ஓர் ஒப்பீடு

ஒரு ஆன்லைன் கேமின் சர்வரை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்ததும், அதை ஆடியவர்கள் மூன்று பக்கமாகப் பிரிவார்கள். மனு போட்டுக் கம்பெனியின் மனதை மாற்றிவிடலாம் என்று ஒரு கூட்டம். கேமை நடத்தும் சர்வர் மென்பொருளை நாமே எழுதிவிடலாம் என்று இன்னொரு கூட்டம். இதே மாதிரி புதிதாக ஒரு கேமைச் செய்துவிடுவோம் என்று மூன்றாவது கூட்டம். முதல் சில வாரங்களில் மூன்றுக்கும் ஆள் சேரும். அப்புறம் ஒவ்வொரு தரப்பும் மற்றவர்கள் நேரத்தை வீணடிப்பதாகச் சொல்ல ஆரம்பிக்கும். அந்தச் சண்டையிலேயே பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள். அது நடக்கக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன். எந்த வழி எங்கே பலித்தது, எங்கே கைவிட்டது என்பதற்கு இப்போது இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் நம் முன்னால் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைவிட, ஓட்டும் செலவையும் பொறுப்பையும் யார் தலையில் சுமத்தினார்கள் என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

மனு போடுவது

கையெழுத்து வேட்டையில் எல்லோருக்கும் நம்பிக்கை வரக் காரணம் இரண்டு பெரிய வெற்றிகள். 2013 பிப்ரவரியில் ஜாகெக்ஸ் நிறுவனம், ரூன்ஸ்கேப் கேமின் 2007 ஆகஸ்ட் மாதப் பிரதி ஒன்று தன்னிடம் பத்திரமாக இருப்பதாகச் சொல்லி, அதை மறுபடி ஓட்டலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 4.5 லட்சம் பேர் வாக்களித்தார்கள். அதே மாதம் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறக்கப்பட்டது. பழைய பதிப்பு இன்று புதிய பதிப்பைவிட அதிகம் பேரால் ஆடப்படுகிறது.

இன்னொன்று வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். அதன் ஆரம்பகால வடிவத்தை நாஸ்டால்ரியஸ் என்ற ரசிகர் சர்வர் ஓட்டிக்கொண்டிருந்தது. பிளிஸார்டின் வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்ததால் 2016 ஏப்ரலில் அதை மூடினார்கள். அப்போது எழுந்த மனுவில் 2 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. பிளிஸார்ட் அந்தக் குழுவையே தன் அலுவலகத்துக்கு அழைத்துப் பேசியது. 2017 நவம்பரில் அறிவிப்பு, 2019 ஆகஸ்டில் வார்கிராஃப்ட் கிளாசிக் வெளியீடு.

இந்த இரண்டிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மூல கேம் மூடப்படவே இல்லை. பழைய பதிப்புதான் காணாமல் போயிருந்தது. சந்தா வசூல், அக்கவுண்ட் பாதுகாப்பு, புகார்களைக் கவனிக்கும் ஆட்கள், சர்வர்கள் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அதே சந்தாவுக்குள் இன்னொரு கதவைத் திறந்தால் போதும். அப்படியும் பிளிஸார்டுக்கு வேலை சுலபமாக இல்லை. பழைய கிளையன்ட் (ஆடுபவரின் கணினியில் ஓடும் நிரல்) இன்றைய கட்டமைப்போடு ஒத்துப்போகாததால், பழைய தரவை எடுத்துப் புதிய கிளையன்டுக்குள் பொருத்த வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிர் சிட்டி ஆஃப் ஹீரோஸ். 2012 ஆகஸ்ட் 31 அன்று என்சிசாஃப்ட் நிறுவனம் மூடல் அறிவிப்பைக் கொடுத்தது; கேமை உருவாக்கிவந்த பாராகன் ஸ்டூடியோஸையும் அத்தோடு கலைத்தது. பிளேயர்கள் மனு போட்டார்கள், கடிதம் எழுதினார்கள், கேமுக்குள்ளேயே அட்லஸ் பார்க் என்ற இடத்தில் கையில் தீப்பந்தத்துடன் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். அவ்வளவு ஒழுங்கான, அவ்வளவு மனமார்ந்த ஒரு எதிர்ப்பை ஆன்லைன் கேம்களில் நான் கேள்விப்பட்டதில்லை. நவம்பர் 30 அன்று சர்வர் நின்றது. கலைத்துவிட்ட குழுவை மறுபடி வேலைக்கு எடுத்து, மாதாமாதம் செலவைச் சுமக்கச் சொல்லும் கோரிக்கையாக அது இருந்தது. அதற்கு எந்தக் கம்பெனியும் லேசில் தலையாட்டாது.

ஆகவே மனு போடுவதாக இருந்தால், கேட்பதைச் சின்னதாக்கிக் கேளுங்கள். 'மறுபடி ஓட்டுங்கள்' என்று கேட்காதீர்கள். 'மூடிய பிறகும் ஆட முடிகிற நிலையில் விட்டுவிட்டுப் போங்கள்' என்று கேளுங்கள். இதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. நிண்டெண்டோவின் அனிமல் கிராசிங் பாக்கெட் கேம்ப் 2024 நவம்பரில் நின்றது. அடுத்த சில நாட்களிலேயே ஒரே முறை பணம் கட்டி ஆடும் ஆஃப்லைன் பதிப்பு வந்தது. நாக்அவுட் சிட்டி 2023 ஜூனில் மூடப்பட்டபோது, பிளேயர்கள் தாங்களே சர்வர் வைத்து ஆடும்படி கணினிக்கு ஒரு பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு தடவை வேலை செய்துவிட்டுக் கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளலாம் என்பதால் இது பலிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் டெவலப்பர் குழு கலைவதற்கு முன்பே கேட்க வேண்டும். கலைந்துவிட்டால் அந்த ஒரு தடவை வேலையைச் செய்யவும் ஆள் இருக்காது.

நாமே சர்வர் எழுதுவது

இந்த வழியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் திரும்பி வந்த கேம்களில் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது.

உங்கள் கணினியில் இருக்கும் கிளையன்டில் படம், ஒலி, வரைபடம், மெனு எல்லாம் இருக்கும். ஒரு ராட்சதனுக்கு எவ்வளவு உயிர், அவன் விழுந்தால் எந்தப் பொருள் எத்தனை சதவீத வாய்ப்பில் கிடைக்கும், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி முளைப்பான் என்பதெல்லாம் பெரும்பாலும் சர்வரில்தான் இருக்கும். சர்வர் நின்றதும் அந்தப் பாதி போய்விடும்.

அதை மீட்பது எப்படி? நீங்கள் வாளை ஓங்கும்போது கிளையன்டிலிருந்து சில பைட்டுகள் போகின்றன. பல கேம்களில் தொடக்கத்தில் இருக்கும் ஒன்றிரண்டு பைட்டுகள் இது எந்த வகைச் செய்தி என்பதைச் சொல்லும் எண். அதன் பிறகு யார் அடித்தது, யாரை அடித்தது, எந்த ஆயுதம் என்று வரிசையாக வரும். பதிலுக்குச் சர்வர், 'அடி பட்டது, சேதம் 37' என்ற அர்த்தத்தில் இன்னும் சில பைட்டுகளை அனுப்புகிறது. வயர்ஷார்க் போன்ற ஒரு கருவியால் இந்தப் போக்குவரத்தைப் பதிந்துகொண்டு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து, எந்த பைட் மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். செய்தி பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் முறையைக் கிளையன்டுக்குள் தேட வேண்டும். அதற்கப்புறமும் 37 என்ற எண் வந்ததுதான் தெரியும். எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியாது. வலிமையை ஒரு புள்ளி கூட்டி நூறு அடி, ஆயுதத்தை மாற்றி நூறு அடி என்று பதிந்து, அந்தச் சூத்திரத்தை ஊகிக்க வேண்டும்.

சர்வர் உயிரோடு இருக்கும்வரை இது பொறுமை கேட்கும் வேலை. நின்ற பிறகு கல்லில் நார் உரிக்கும் வேலை. அப்போது எஞ்சுவது பழைய வீடியோக்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள், யாரோ ஒருவர் அழிக்காமல் வைத்திருந்த சாட் லாக். ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எத்தனை ராட்சதர்கள் விழுந்தார்கள், எத்தனை தடவை அந்த மோதிரம் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் 2003-ல் வந்தது. 2005-ல் அதன் ஆட்ட முறையையே தலைகீழாக மாற்றினார்கள். 2011 டிசம்பர் 15 அன்று மூடினார்கள். எஸ்டபிள்யூஜி எமு என்ற குழு, மாற்றத்துக்கு முந்தைய வடிவத்தை மீட்க வேண்டும் என்று, மூல கேம் ஓடிக்கொண்டிருந்தபோதே சர்வரைத் தொடக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தது. பத்தாண்டுகளுக்கும் மேலான உழைப்பு அது. குறுக்கு வழி ஒன்றும் உண்டு: வெளியே கசிந்த மூல சோர்ஸ் கோடை, அதாவது கம்பெனியின் டெவலப்பர்களே எழுதிய நிரலை, எடுத்து ஓட்டுவது. சில வாரங்களிலேயே கேம் எழுந்து நிற்கும். ஆனால் அடுத்தவர் எழுதிய கோடு என்பதால், வழக்கு வந்தால் சொல்ல ஒரு வாதமும் மிஞ்சாது.

சொந்தமாக எழுதினால் பாதுகாப்பா என்றால், முழுப் பாதுகாப்பு அங்கேயும் இல்லை. பிளிஸார்டின் பேட்டில்.நெட் சேவைக்கு மாற்றாக பிநெட்டி என்ற திறந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு எதிராக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. பணம் புழங்கினால் நிலைமை இன்னும் மோசம். வார்கிராஃப்டின் ரசிகர் சர்வர் ஒன்றில் பொருள்களைக் காசுக்கு விற்றவர் மீது 2010-ல் 8.8 கோடி டாலர் தீர்ப்பு வந்தது.

ஒரே உரிமையாளர் இரண்டு விதமாக நடந்துகொண்டதையும் பார்க்கலாம். டிஸ்னி 2007-ல் 35 கோடி டாலர் கொடுத்து, சிறுவர்களுக்கான ஆன்லைன் கேமான கிளப் பெங்குவினை வாங்கி, 2017 மார்ச்சில் மூடியது. அதன் ரசிகர் பதிப்புகளில் ஒன்றான கிளப் பெங்குவின் ஆன்லைனில் ஆபாசமான செய்திகள் சிறுவர்களின் கண்ணில் படுவதை 2020-ல் பிபிசி வெளிக்கொண்டுவந்தது. டிஸ்னி அதை மூடவைத்தது. இன்னொன்றான கிளப் பெங்குவின் ரீரிட்டன் 2022 ஏப்ரலில் லண்டன் சிட்டி போலீஸின் நடவடிக்கையோடு நின்றது. மூன்று பேர் கைதானார்கள். அதே டிஸ்னி 2013 செப்டம்பரில் மூடிய டூன்டவுன் கேமுக்கு, டூன்டவுன் ரீரிட்டன் என்ற ரசிகர் பதிப்பு பத்தாண்டு தாண்டியும் இலவசமாக ஓடுகிறது. இலவசம் என்பது சட்டத்தின் முன் கவசம் ஆகாது. என்றாலும் காசு வாங்காமலும், சிறுவர்கள் வரும் இடத்தில் கண்காணிப்பைக் கைவிடாமலும் இருப்பவர்களை உரிமையாளர் தேடிவந்து அடிக்கக் காரணம் குறைவு.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்தக் கண்காணிப்பைத்தான். சர்வர் வாடகையைப் பத்துப் பேர் சேர்ந்து கட்டிவிடலாம். நள்ளிரவில் ஒருவர் இன்னொருவரை மிரட்டுகிறார் என்று புகார் வந்தால் எழுந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? டெவலப்பர் கிடைப்பதைவிட இதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அனுமதி வாங்குவது

இதைத் தனி வழியாகச் சொல்வார்கள். நடந்ததைப் பார்த்தால், முந்தைய வழியின் இரண்டாம் பாதி என்றே எனக்குப் படுகிறது.

எவர்குவெஸ்டின் ஆரம்பகால வடிவத்தை ஓட்டும் புராஜெக்ட் 1999 என்ற ரசிகர் சர்வர் 2009-ல் திறந்தது. உரிமையாளரான டேபிரேக்குடன் ஒப்பந்தம் ஏற்பட்டது 2015-ல். சிட்டி ஆஃப் ஹீரோஸுக்கோ இன்னும் நீண்ட கதை. ஒரு சிறு குழு பல ஆண்டுகளாக அந்த கேமை ரகசியமாக ஓட்டிவந்தது 2019 ஏப்ரலில் தெரியவந்தது. கேமை இழந்து தவித்தவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பிறகு கோடு வெளியே வந்து, ஹோம்கமிங் என்ற சர்வர் எல்லோருக்கும் திறந்தது. 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அதற்கு முறைப்படி லைசென்ஸ் கொடுத்தது. 2012-ல் தீப்பந்தம் ஏந்தி நின்றவர்களுக்குப் பதினோரு ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் என்று சொல்லலாம்.

இரண்டு இடத்திலும் கம்பெனிக்குச் செலவு ஏதும் வைக்கவில்லை. ஓடுகிற சர்வர், ஒழுங்கான நிர்வாகம், வெளிப்படையான கணக்கு மூன்றும் கண்முன்னே இருந்தன. ஹோம்கமிங் குழு மாதாமாதம் ஆகும் செலவை எழுதிப் போட்டு, அந்தத் தொகை சேர்ந்ததும் நன்கொடை வாங்குவதை நிறுத்திவிடும். இப்படி நடந்துகொள்பவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒரு வக்கீலால் தன் முதலாளியிடம் பரிந்துரைக்க முடியும். வெறும் கையோடு போய் 'அனுமதி கொடுங்கள், அப்புறம் எழுதுகிறோம்' என்றால் கடிதத்துக்குப் பதில்கூட வராது.

விலைக்கு வாங்குவது, கோடைத் திறக்கச் சொல்வது

கம்பெனி திவாலாகும்போது இந்த வாய்ப்பு வரும். ரைசோம் கேமை உருவாக்கிய நிறுவனம் 2006-ல் நொடித்தபோது ரசிகர்கள் பணம் திரட்டி வாங்கப் பார்த்தார்கள். கட்டற்ற மென்பொருளுக்காக இயங்கும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அமைப்பும் 60,000 டாலர் தருவதாகச் சொன்னது. கேம் வேறு ஒருவர் கைக்குப் போனது. ஆனால் 2010-ல் அதன் கோடு யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறக்கப்பட்டது. மிஸ்ட் ஆன்லைன் இரண்டு முறை மூடப்பட்டு, 2010 முதல் நன்கொடையில் ஓடுகிறது. அடுத்த ஆண்டு கோடும் திறந்தது. 2012 டிசம்பரில் மூடப்பட்ட கிளிட்ச் கேமின் ஓவியங்களை அதன் நிறுவனமே அடுத்த ஆண்டு பொதுவில் விட்டது. (அந்த நிறுவனம்தான் பிறகு ஸ்லாக் ஆனது.)

இவையெல்லாம் உரிமை முழுவதும் ஒரே கையில் இருந்த கேம்கள். சினிமாப் பெயரில், நிஜக் கார்களின் பெயரில், காசு கொடுத்து வாங்கிய இசையோடு வந்த கேமுக்கு இந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கம்பெனி மனம் வைத்தாலும் அடுத்தவர் சொத்தை அது திறந்துவிட முடியாது.

சட்டத்தை மாற்றுவது

யூபிசாஃப்ட் தன் தி க்ரூ கார்ப் பந்தய கேமை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் தனியாகக்கூட ஆட முடியாமல் போனது. அதிலிருந்துதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திடம் சட்டம் கேட்டு மக்கள் கையெழுத்திடும் ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சியில் அது 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. பிரிட்டனில் 1 லட்சத்தைத் தாண்டி நாடாளுமன்ற விவாதம் வரை போனது. இதற்கிடையே யூபிசாஃப்ட், அதே வரிசையில் அடுத்து வந்த தி க்ரூ 2-க்கும் தி க்ரூ மோட்டர்ஃபெஸ்டுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக அறிவித்தது.

நல்ல வேலை, எல்லோரும் ஆதரிக்க வேண்டிய வேலை. ஆனால் பலன் யாருக்கு என்று பாருங்கள்: அடுத்து வந்த கேம்களுக்கு. முதல் தி க்ரூவைத் திரும்பக் கொண்டுவந்தது, மூடுவதற்கு முன்பே போக்குவரத்தைப் பதிந்து வைத்து, பிறகு சர்வர் எமுலேட்டர் (மூல சர்வரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) எழுதிய ரசிகர்கள்தான்.

அருங்காட்சியகத்தில் சேர்த்து வைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடப்பட்ட ஆன்லைன் கேம்களை நூலகங்களும் அருங்காட்சியகங்களும் மீட்டுவைக்க அமெரிக்காவில் 2018 முதல் ஒரு சட்ட விலக்கு உண்டு. அந்தக் கட்டடத்துக்குள் போய்த்தான் ஆட வேண்டும். தொலைவிலிருந்து அணுகவும் விடுங்கள் என்ற கோரிக்கையை 2024-ல் மறுத்துவிட்டார்கள். கேம் அழியாமல் இருக்கும், ஆனால் உங்கள் கில்டு (சேர்ந்து ஆடும் குழு) அங்கே ஒன்றுகூட முடியாது.

புதிதாக ஒன்றைச் செய்வது

சிட்டி ஆஃப் ஹீரோஸ் மூடப்பட்ட மறு ஆண்டே சிட்டி ஆஃப் டைட்டன்ஸ் என்ற கேமுக்காக ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 6.7 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். பத்தாண்டு கடந்தும் அது முழு வெளியீட்டை எட்டவில்லை. அதற்குள் மூல கேமே திரும்பி வந்துவிட்டது. சட்டப்படி மிகச் சுத்தமான வழி இதுதான், உழைப்பும் மிக அதிகம் கேட்கும். அனுபவமுள்ள முழுநேர டெவலப்பர்கள் குழுவில் இல்லை என்றால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

மூடும் தேதி இன்னும் வரவில்லை என்றால், மற்ற எல்லா விவாதத்தையும் தள்ளிவைத்துப் பதிவு செய்யும் வேலையை இன்றே தொடங்குங்கள். கிளையன்ட் கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பும், நெட்வொர்க் போக்குவரத்தும், மெனுவில் உள்ள ஒவ்வொரு பொருளின் விவரமும் வேண்டும். வேறு வேறு ஊர்களில் இருக்கும் மூன்று நான்கு பேரிடமாவது பிரதி இருக்கட்டும். கூடவே ஆஃப்லைன் பதிப்பு கேட்டு ஒரு மனு. இரண்டும் ஒன்றுக்கொன்று தடை இல்லை.

மூடியாகிவிட்டது, ஆனால் கம்பெனி அதே பெயரில் வேறு கேம்களை விற்கிறது என்றால் மனுவுக்கு உயிர் உண்டு. அந்தப் பெயருக்கு மவுசு இருக்கும்வரை பழைய பதிப்பிலும் அவர்களுக்கு லாபம் தெரியும். அதே காரணத்தால் ரசிகர் சர்வருக்கு ஆபத்தும் அதிகம். கம்பெனி அந்தப் பெயரையே மறந்துவிட்டது என்றால், காசு வாங்காமல் சொந்தக் கோடில் எழுதி, நிர்வாகத்தைச் சரியாக நடத்தி, சில ஆண்டு கழித்து லைசென்ஸ் கேட்பதே என் தேர்வு. உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மொபைல் கேம் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலவற்றில் படங்களையும் கதையையும்கூடச் சர்வரிலிருந்துதான் இறக்குவார்கள், முன்கூட்டிப் பதியாவிட்டால் மீட்க எதுவும் இருக்காது.

உங்களுக்கு வேண்டியது அந்த கேமைவிட அதில் கிடைத்த மனிதர்கள்தான் என்றால், இந்த வழிகள் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. நண்பர் பட்டியல் இருப்பதும் சர்வரில்தான், அதோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஆகவே கில்டில் உள்ள ஒவ்வொருவரையும் விசாரித்து, சம்மதிப்பவர்களின் தொடர்பை வெளியே ஓர் இடத்தில் சேர்த்து வையுங்கள். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மூடல் அறிவிப்பு வந்த அன்றோடு உள்ளே வருவதையே நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர்.